கோல நோட்டுக்கும் ஒரு பதக்கம் கொடுங்கள்: துணைவேந்தர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், கணிதம், கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்

வணக்கம்.

காவிரிப் படுகையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்த மடலில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது. பி.எஸ்ஸி. கணிதத்துக்கும் கணினி அறிவியலுக்கும் ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாவில் பதக்கங்கள் தருகிறீர்கள். அவற்றோடு இன்னொன்றையும் சேருங்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல், மாணவர் செய்த வேலையைப் படித்துப் பார்த்துத் தருகிற பரிசு. அரியர் வைத்தவரும் அதற்கு விண்ணப்பிக்க முடிய வேண்டும்.

இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்ல ஒரு நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த நாள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கோடு போடாத நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தாள். மார்கழி முழுக்க அவள் வீட்டு வாசலில் போட்ட கம்பிக் கோலங்கள் அதில் இருந்தன. எல்லாமே நேர்ப்புள்ளி. வரிசைக்கு இத்தனை என்று செவ்வகமாகப் புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு நடுவே குறுக்காக ஓடும் கோடு ஓரத்தில் வளைந்து திரும்பி, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோலங்கள்.

“மேம், மூணுக்கு நாலு புள்ளி வச்சா ஒரே கம்பியில முடிஞ்சிடுது. நாலுக்கு ஆறு வச்சா ரெண்டு கம்பி வேணும். மூணுக்கு மூணு வச்சா மூணு கம்பி. எங்கம்மா ஒரே கம்பியில முடியற புள்ளிதான் வைப்பாங்க, கேட்டா அது அப்படித்தான்னு சொல்றாங்க. எத்தனை கம்பி வரும்னு புள்ளிய எண்ணியே முன்னாடியே சொல்ல முடியுமா மேம்?”

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். ஒன்றிலிருந்து எட்டு வரை எல்லாக் கட்டத்துக்கும் போட்டுப் பார்த்து அட்டவணை எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினேன். மூன்றாம் நாள் வந்தாள். அட்டவணையை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்க்கிறாள். 4, 6 என்ற இடத்தில் 2. 6, 8 என்ற இடத்தில் 2. 3, 6 என்ற இடத்தில் 3. 5, 7 என்ற இடத்தில் 1. ஆறாம் வகுப்பில் படித்த மீ.பொ.வ.! இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அதுதான் கம்பிகளின் எண்ணிக்கை.

அவளோடு ஒரே பேருந்தில் வரும் தோழி கணினி அறிவியல் துறையில் படித்தாள். அந்தப் பெண் சி மொழியில் ஒரு நிரல் எழுதினாள். ஓரத்தில் முட்டும்போதெல்லாம் திசையை மாற்றிக்கொண்டு கோடு எப்படிப் போகிறது என்று பின்தொடர்ந்து, போன இடத்தையெல்லாம் குறித்துவைத்து, எத்தனை கம்பி என்று எண்ணும் நிரல். இன்னொரு பக்கம் யூக்ளிட் முறையில் மீ.பொ.வ. கணக்கிடும். நூறுக்கு நூறு வரை ஓட்டினார்கள். பத்தாயிரம் கட்டங்களில் ஒன்றில்கூட இரண்டும் மாறுபடவில்லை.

“பத்தாயிரத்திலயும் சரியா வந்தா போதாதா மேம்?” என்று என் மாணவி கேட்டாள். போதாதும்மா என்றேன். அன்றைக்கு அவள் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு ஐந்து வாரம் அவள் வரவில்லை. பிப்ரவரி கடைசியில் ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து வாசலிலேயே நின்று கேட்டாள்: “கோடு செவுத்துல முட்டித் திரும்புதுன்னு வச்சுக்காம, செவுத்துக்கு அந்தப் பக்கம் இதே கோலம் கண்ணாடில தெரியற மாதிரி இருக்கு, கோடு அதுக்குள்ள நேரா போயிடுதுன்னு வச்சுக்கலாமா மேம்?”

வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் வளைந்து வளைந்து போகும் கோடு நேர்கோடாகிவிடுகிறது. அது புறப்பட்ட நிலைக்குத் திரும்பி வர எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை இரண்டு எண்களின் மீச்சிறு பொது மடங்கு சொல்லிவிடுகிறது. எல்லாக் கம்பிகளின் மொத்த நீளமோ இரண்டு எண்களின் பெருக்கற்பலனைப் பொறுத்தது. மொத்தத்தை ஒரு கம்பியின் நீளத்தால் வகுத்தால் மீ.பொ.வ. நிறுவல் முடிந்தது. சோற்றுக் கையோடு எழுந்து நின்றேன்.

இது முன்பே பிறர் அறிந்த முடிவுதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மொசாம்பிக்கைச் சேர்ந்த கணிதர் பாலஸ் ஜெர்டஸ், அங்கோலாவில் மணலில் போடும் கோலங்களையும் நம் வாசல் கோலங்களையும் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார் என்று தேடிப் படித்தேன். அதனால் அவள் செய்தது கொஞ்சமும் குறைந்துவிடவில்லை. கேள்வியும் அவளுடையது, அட்டவணையும் அவளுடையது, கண்ணாடியும் அவளுடையது. பத்தொன்பது வயதில், தமிழ் வழியில் படித்து வந்த ஒரு பெண், யாரும் சொல்லாமல் தானே வாசற்படியிலிருந்து ஒரு தேற்றம் வரைக்கும் நடந்து போயிருக்கிறாள்.

அவளுக்கு நம் அமைப்பில் என்ன கிடைத்தது? எதுவும் கிடைக்கவில்லை. கொடுக்க மனமில்லாமல் இல்லை, கொடுக்க இடமில்லாமல். முதல் செமஸ்டரில் ஆங்கிலத் தாளில் தவறி, அடுத்த செமஸ்டரில் எழுதித் தேறியிருந்தாள். முதல் முயற்சியிலேயே எல்லாத் தாளிலும் தேறியவருக்குத்தான் ரேங்க் என்பது விதி. பதக்கம் வேறொரு மாணவிக்குப் போனது. அவளும் என் மாணவிதான், அதற்குத் தகுதியானவள்தான், மூன்று ஆண்டும் ஒரு நாள் தவறாமல் உழைத்தவள். அவளிடமிருந்து அந்தப் பதக்கத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. கோல நோட்டுக்காரியை அழைக்க மேடையில் இன்னொரு பெயர்ச்சீட்டு இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

முதுநிலைச் சேர்க்கைக்கு விண்ணப்பம் எழுத என்னிடம்தான் வந்தாள். பெயர், பதிவு எண், பாடவாரியாக மதிப்பெண், தேறிய மாதம், ஆண்டு, எத்தனையாவது முயற்சி. கோலத்தைப் பற்றி எழுத ஒரு வரி இடமில்லை. நானும் அவளும் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். “பரவால்ல மேம், நான் அதைக் கோலம்னுதான் நெனச்சேன், கணக்குன்னு நெனக்கல” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் ஆறுதல் அடையவில்லை. இந்த மடலை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் தவறிய கணித மாணவர் என்றதும் உங்களுக்கும் ஒரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் பேருந்தில் போகும் தூரம்தான். டவுன் ஹைஸ்கூலில் 1904இல் கணக்குக்குப் பரிசு வாங்கிய ராமானுஜன், அரசுக் கல்லூரியில் சேர்ந்து, மற்ற பாடங்களில் கவனம் செலுத்தாததால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பட்டப்படிப்புக்கு முந்திய எஃப்.ஏ. தேர்வு எழுதியும் தேறவில்லை. 1912இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர் வேலை. இதெல்லாம் எல்லாரும் மேடையில் சொல்கிற கதை. அடுத்து நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் எதுவும் இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ.கூடத் தேறாதவருக்கு! பட்டம் வேண்டும் என்று அன்றைக்கும் விதி இருந்தது. ஆட்சிக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் அவருடைய வேலையைப் பார்த்தார்கள், படித்தவர்களின் கருத்தைக் கேட்டார்கள், கொடுத்தார்கள்.

கேம்பிரிட்ஜில் நடந்தது இன்னும் அழகு. 1916 மார்ச்சில் ராமானுஜனுக்கு அங்கே பி.ஏ. பட்டம் கிடைத்தது. தேர்வு எழுதி வாங்கிய பட்டம் அல்ல, ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரைக்குத்தான் அந்தப் பட்டம். 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஆறு வகுத்திகள், அதற்கு முன்னே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. அடுத்து 24, 36, 48, 60. பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற கேள்வி. அதிலிருந்து அவர் போன தூரத்துக்கு ஓர் இளநிலைப் பட்டம் கொடுக்கலாம் என்று அங்கே தோன்றியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது புதிய வழக்கம் அல்ல, துணைவேந்தர் அவர்களே. முன்னுதாரணம் 1913இலிருந்தே உங்கள் கோப்பில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1995இலிருந்து மார்கன் பரிசு என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ கல்லூரிகளில் இளநிலை படிப்பவர்கள் கணிதத்தில் செய்த ஆராய்ச்சிக்கு, அமெரிக்காவின் மூன்று பெரிய கணிதச் சங்கங்கள் சேர்ந்து கொடுப்பது. பணம் 1,200 டாலர், அந்த நாட்டுக் கணக்கில் சின்னத் தொகை. முதல் ஆண்டு அதைப் பெற்றவர் கண்ணன் சௌந்தரராஜன். சென்னையில் பிறந்து, இங்கேயே பள்ளிப்படிப்பை முடித்து, 1991இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக வெள்ளி வாங்கிவிட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளநிலை படிக்கப் போனவர். அடுத்த ஆண்டு, 1996இல், அதே பரிசு மஞ்சுள் பார்கவாவுக்கு. அப்போது அவர் ஹார்வர்டில் மாணவர். 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர் அவர்தான். இந்த இருவரையும் இன்னோர் இடம் ஒன்றாகப் பார்த்திருக்கிறது. 2005இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் தன் ராமானுஜன் பரிசைத் தொடங்கியபோது முதல் ஆண்டிலேயே இருவருக்கும் கொடுத்தார்கள். கும்பகோணத்தில்! இளநிலை மாணவர்களாக இருந்தபோது யாரோ அவர்களுடைய தாள்களை உட்கார்ந்து படித்துப் பரிசு கொடுத்தார்கள், பத்து ஆண்டு கழித்து அவர்களைப் பாராட்டும் வாய்ப்பு நமக்கு வந்தது. நம் கல்லூரிகளில் இருப்பவர்களின் தாள்களை யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

சௌந்தரராஜன் தீர்த்த கணக்குகளில் ஒன்றை வகுப்பில் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். ரொனால்ட் கிரஹாம் 1970இல் கேட்டது. வெவ்வேறான எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு எண்கள் என்று வையுங்கள். அவற்றில் ஏதாவது இரண்டைத் தேர்ந்து, ஒன்றை அந்த இரண்டின் மீ.பொ.வ.வால் வகுத்தால் நான்கோ அதற்கு மேலோ வர வேண்டும். எந்த நான்கு எண்ணை எடுத்தாலும் அப்படி ஒரு ஜோடி கட்டாயம் இருக்கும், ஐந்து எடுத்தால் ஐந்து, நூறு எடுத்தால் நூறு. இதுதான் அவர் ஊகம். ஒரு பையன் எழுந்து, நான் முறியடிக்கிறேன் என்று 12, 18, 24, 36 எழுதினான். 36ஐயும் 24ஐயும் எடுத்தால் மீ.பொ.வ. 12, வகுத்தால் 3. பையன் சிரித்தான். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி “24, 18 பாருடா” என்றாள். மீ.பொ.வ. 6, வகுத்தால் சரியாக 4. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த ஊகத்தின் முழு நிறுவலைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்ரமணியனும் சௌந்தரராஜனும் சேர்ந்து எழுதி, அது 1996இல் அச்சில் வந்தது. அந்த மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் கேட்ட கேள்வி: “தரமணியிலயா மேம்?” தரமணியில்தான். மீ.பொ.வ. ஒன்றும் தொலைதூரச் சரக்கு இல்லை.

கணினி அறிவியல் பக்கம் வருகிறேன். 2002 ஆகஸ்டில் ஐ.ஐ.டி. கான்பூரிலிருந்து மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்று மூன்று பெயர்களோடு ஒரு கட்டுரை வந்தது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை, குலுக்கல் எதையும் நம்பாமல், எந்த ஊகத்தையும் துணைக்கு வைக்காமல், விரைவாகச் சொல்லிவிடும் வழிமுறை. உலகம் முழுக்கப் பெரிய ஆட்கள் பல பத்தாண்டுகளாகத் தேடியது. அகர்வால் பேராசிரியர். மற்ற இருவரும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்தவர்கள், அவர்களுடைய இறுதியாண்டு ப்ராஜெக்டிலிருந்துதான் அந்த வேலை வளர்ந்தது. 2006இல் அதற்கு கணினி அறிவியலுக்கான கோடல் பரிசும் கணிதத்துக்கான ஃபல்கர்சன் பரிசும் கிடைத்தன.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்ற அதே சொல் நம் கல்லூரியில் எந்தப் பொருளில் வழங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறோம். எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் ஒரு ப்ராஜெக்ட் சென்டர் இருக்கிறது. தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவுக்குக் கேள்வி பதில், எல்லாம் சேர்த்து ஒரு விலை. நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, விடுதி மேலாண்மை என்று ஆண்டுதோறும் அதே அறிக்கை அட்டை மாறி வருகிறது. புற மதிப்பீட்டாளராகப் போன கல்லூரிகளில் பார்த்திருக்கிறேன், எங்கள் கல்லூரியிலும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தானே எழுதியவனுக்கும் வாங்கி வந்தவனுக்கும் ஒரே மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நாம். கோல நிரல் எழுதிய அந்தப் பெண், ப்ராஜெக்டாக அதையே வைக்கிறேன் என்று கேட்டாள். அதில் லாகின் பக்கம் இல்லை, டேட்டாபேஸ் இல்லை என்று அவள் துறையில் மறுத்துவிட்டார்கள். நான் போய்ப் பேசினேன், பலிக்கவில்லை. ஒரு பட்டு மையத்துக்கான பில்லிங் மென்பொருளை வைத்துத் தேறினாள்.

தேர்வையே வெறுக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல தேர்வுகளை நேசிக்கிறவள் நான். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 1938இலிருந்து எழுதிவரும் பட்னம் போட்டியில் பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் 120. பல ஆண்டுகளில் எழுதியவர்களில் பாதிப் பேர் பூஜ்யமோ ஒன்றோதான் வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கில் வந்து உட்காருகிறார்கள், அங்கே பூஜ்யம் வாங்குவதில் கேவலம் இல்லை. நம் நாட்டிலும் இளநிலை மாணவர்களுக்கென்றே மாதவா கணிதப் போட்டி நடக்கிறது. மூன்று பேர் ஒரே கணினி முன் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து நிரல் எழுதும் ஐ.சி.பி.சி. போட்டியும் இருக்கிறது. இவற்றின் சுற்றறிக்கை எங்களைப் போன்ற கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைக்கு வருவதே அபூர்வம். அதையும் நீங்கள் கவனித்தால் நல்லது. ஆனால் போட்டி என்பது இன்னொருவர் கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்தில் பதில் சொல்வது. கேள்வியைத் தானே கேட்டு ஐந்து வாரம் அதோடு வாழ்ந்தவளுக்கு அது பொருந்தாது.

இந்த ரேங்க் வழக்கம் கேம்பிரிட்ஜிலும் இருந்ததுதான். கணித டிரைபாஸ் என்ற பட்டத் தேர்வில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகப் பெயர் வாசிப்பார்கள். முதலாவதாக வருபவர் நாட்டுக்கே தெரிந்த ஆளாகிவிடுவார். நம் நாட்டு மாணவர் ஆர்.பி. பராஞ்சபே 1899இல் அப்படி வந்தபோது இந்தியாவே கொண்டாடியது. ராமானுஜனை அழைத்துக்கொண்ட ஹார்டி 1898இல் அதே தேர்வில் நான்காவதாக வந்தவர், பிறகு அந்தத் தேர்வு முறையை எதிர்த்தே வாதாடியவர். 1909தான் கடைசி, அதன்பின் வரிசையிட்டு அறிவிப்பதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. நாம் இன்னும் புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கம் வரை பார்த்து முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

யு.ஜி.சி. 2022இல் கொண்டுவந்த நான்காண்டு முறையில் ‘ஆராய்ச்சியுடன் ஆனர்ஸ்’ என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள். அதிலும் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கினால்தான் ஆராய்ச்சிக்கு அனுமதி. அந்த முறையை நம் மாநிலம் ஏற்பதா வேண்டாமா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. என் மாணவி 68 சதவீதம். இதைமட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

ஆனர்ஸ் என்ற சொல்லுக்கு நம் ஊரிலேயே நல்ல வரலாறு உண்டு. சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் சென்னை லயோலா கல்லூரியில் கணித ஆனர்ஸ் படித்தவர்கள். அங்கே பாடம் நடத்திய பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன்தான், பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் என்று புதிதாக ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள் என்று அவர்களுக்கு வழிகாட்டியவர். அந்தச் சேஷாத்ரி பின்னாளில் சென்னைக் கணிதக் கழகத்தைத் தொடங்கி, 1998இல் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்ஸி. ஆனர்ஸ் படிப்பை அங்கே கொண்டுவந்தார். ஓர் ஆசிரியர் ஓர் இளநிலை மாணவரைக் கண்டுகொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் ஒரு ரசீன் இருக்கமாட்டார். அதனால்தான் பரிசு என்று ஓர் ஏற்பாட்டைக் கேட்கிறேன். பாராட்ட ஆளில்லாத கல்லூரியில் இருக்கிற பிள்ளையும் நேராகப் பல்கலைக்கழகத்துக்குத் தன் நோட்டை அனுப்ப ஒரு முகவரி வேண்டும்.

எப்படி நடத்துவது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பத்துப் பக்கத்துக்குள் எழுதிய கட்டுரை, அல்லது ஓடும் நிரலும் அதை விளக்கும் சில பக்கங்களும். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். இரண்டு துறை மாணவர்கள் சேர்ந்து அனுப்பலாம், கோல நோட்டைப் போல. முடிவு உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டியதில்லை, மாணவருக்குச் சொந்தமாக இருந்தால் போதும். தன்னாட்சிக் கல்லூரி, இணைவுக் கல்லூரி என்று பிரிக்க வேண்டாம்.

அடுத்தவர் எழுதியதைக் கொண்டு வருவார்களே, இப்போது சாட்ஜிபிடி வேறு இருக்கிறதே என்பீர்கள். உண்மையான கவலை. அதற்கு நம்மிடம் பழைய மருந்து இருக்கிறது, கரும்பலகை. தேர்ந்தெடுத்த பத்துப் பேரை அழைத்து ஆளுக்கு இருபது நிமிடம் சாக்பீஸைக் கையில் கொடுங்கள். கோலத்தில் நடுவே ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, அங்கேயே போட்டுப் பார்க்கத் தொடங்குகிறாளே, அவளுக்குக் கொடுங்கள். வாங்கி வந்தவர் யார் என்று ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். இருபத்தாறு ஆண்டு வைவா எடுத்தவள் சொல்கிறேன்.

படித்துப் பார்க்க ஆள் வேண்டும். பணியிலிருந்து ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், ஆண்டுக்கு ஐந்து கட்டுரை படிக்கக் கூப்பிட்டால் ஓடி வருவார்கள். அடுத்த ஆண்டு நானும் ஓய்வு பெறுகிறேன், என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பணத்துக்கும் பெரிய வழி தேட வேண்டாம். தாத்தா பாட்டி பெயரில் நல்ல மனத்தோடு குடும்பங்கள் ஏற்படுத்திய அறக்கட்டளைப் பதக்கங்கள் உங்களிடம் நிறைய இருக்கின்றன. ஒரே மாணவர் மேடையில் ஐந்தாறு பதக்கம் வாங்கி இறங்குவதை எல்லா விழாவிலும் பார்க்கிறோம். அந்தக் குடும்பங்களில் ஒன்றிரண்டை அழைத்து, ‘அதிக மதிப்பெண் பெற்றவருக்கு’ என்ற வரியை ‘சிறந்த கட்டுரைக்கு’ என்று மாற்றச் சம்மதிப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெயரை அறிவிக்கும்போது என்ன செய்தார் என்பதையும் வாசியுங்கள். மார்கன் பரிசில் வெற்றி பெற்றவரின் வேலையை விளக்கி ஒரு குறிப்பு வெளியிடுகிறார்கள், அதைப் படித்துத்தான் அடுத்த ஆண்டு மாணவருக்கு இப்படியெல்லாம் செய்யலாமா என்று தோன்றுகிறது. நம் மேடையில் பெயர், கல்லூரி, சதவீதம், கைதட்டல். அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்குச் சதவீதத்திலிருந்து என்ன கிடைக்கும்? “செவ்வகப் புள்ளிக் கோலத்தில் எத்தனை கம்பிகள் வரும் என்பதைக் கண்டறிந்து நிறுவியமைக்காக” என்று ஒலிபெருக்கியில் ஒரு முறை கேட்டால், அரங்கத்தில் இருக்கும் அம்மாக்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கோல நோட்டுக்காரி பி.எட். முடித்து இப்போது ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புள்ளி வைத்து மீ.பொ.வ. நடத்துகிறாளாம், போன மாதம் போனில் சொன்னாள். தோழி சென்னையில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறாள். இருவரும் நன்றாக இருக்கிறார்கள். நோட்டு என்னிடம் இருக்கிறது, அவள்தான் கொடுத்துவிட்டுப் போனாள். நிரல் அச்சிட்ட நான்கு தாள்களும் அதற்குள் செருகியிருக்கின்றன. பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது பார்க்க வேண்டும் என்றால், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணிதப் பேராசிரியை
காவிரிப் படுகை